சுருட்டும் செவிச்செல்வமும்

உலகின் பெருநகரங்களிலே உயர்தரச் சுருட்டு விற்கும் கடையொன்றினுள் நுழைந்து, அங்கு அடுக்கப்பட்டிருக்கும் வாசனை மரப் பெட்டிகளின்மேற் பொறித்த பெயர்களை ஒருவர் படிப்பாராயின், தாம் வழிதவறிப் புத்தகக் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று ஐயுறக்கூடும். ஒரு பெட்டியின் பெயர் 'ரோமியோவும் ஜூலியற்றும்'. அது 1875 முதல் வழங்கிவரும் பெயர். மற்றொரு பெட்டியின் பெயர் 'மொன்தே கிறிஸ்தோ'. அது 1935இல் வந்தது. முன்னையது ஷேக்ஸ்பியரின் நாடகம். பின்னையது அலெக்சாந்தர் தூமாவின் நாவல். புகைத்துச் சாம்பலாக்கும் பொருளுக்குக் கதைத் தலைவர்களின் பெயர் வந்ததேன்? தூமாவின் நாவலைச் சுருட்டுத் தொழிலாளர் விரும்பிக் கேட்டமையாலேயே அப்பெயர் சூட்டப்பட்டதென்று கூறுவர். 'விரும்பிக் கேட்டனர்' என்பதைக் கவனிக்க வேண்டும். விரும்பிப் படித்தனர் என்று எவரும் கூறவில்லை. அந்த ஒரு சொல்லிலேதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அடங்கியிருக்கிறது.

கையாற் சுற்றப்படும் சுருட்டின் பெருமையைப் பேசுவோர் அதன் மணத்தைப் பேசுவர், விலையைப் பேசுவர், அதனை வாயிற் கவ்விய அரசியல்வாதிகளின் படங்களைக் காட்டுவர். அந்தச் சுருட்டைச் சுற்றிய கைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அக்கைகளுக்கு உரியவரின் செவிகளைப் பற்றிப் பேசுவோர் அதனினும் குறைவு. உண்மையிலே அத்தொழிலின் வரலாற்றில் நமது மதிப்புக்குரியது அந்தச் செவிகளின் வரலாறேயாகும்.

முதலில் பொருளைப் பற்றிச் சில கூறுதல் தகும். 1492ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கொலம்பஸ் அனுப்பிய இருவர், லூயிஸ் த தோரெஸ், ரொத்ரிகோ த ஹெரெஸ் என்போர், கியூபாத் தீவின் உட்பகுதிக்குச் சென்று மீண்டனர். அத்தீவின் மக்கள் உலர்ந்த இலையைச் சுருட்டி ஒரு முனையில் நெருப்பிட்டு மறுமுனையில் புகையுறிஞ்சக் கண்டதாக அவர்கள் வந்து கூறினர். ஐரோப்பியர் சுருட்டை அறிந்த கதை இது. அவ்விலை பின்னர்ப் போர்த்துக்கேயர் கப்பலேறி நமது கரைகளுக்கும் வந்து சேர்ந்தது. வந்த பொருளுக்கு நாம் கொடுத்த கைம்மாறு ஒரு சொல். ஆங்கிலத்தில் 'செரூட்' என்றும், போர்த்துக்கேய மொழியில் 'சருத்தோ' என்றும் வழங்குவது நமது 'சுருட்டு' என்னும் தமிழ்ச் சொல்லே.

கியூபாவின் மேற்குக் கோடியிலே, பினார் தெல் ரியோ மாகாணத்தில், வுவெல்தா அபாஹோ என்னும் நிலப்பகுதி உண்டு. அங்குள்ள செம்மண்ணில் விளையும் புகையிலைக்கு நிகரில்லை என்பது அத்தொழிலறிந்தார் கருத்து. மேலுறைக்குரிய மெல்லிய இலை, வெயில் நேரே படாவண்ணம் துணிப்பந்தலின் கீழ் வளர்க்கப்படும். அறுவடையான இலைகள் கொட்டகைகளிலே கோல்களில் தூக்கி உலர்த்தப்படும். பச்சை மாறிப் பொன்னிறமும் கபில நிறமும் ஏறிய பின்னர் குவியலாக அடுக்கி நொதிக்க விடுவர். குவியலின் உட்சூட்டிலே கார நெடி வெளியேறும், இலை சாந்தமடையும். அதன் பின்னரும் மாதக் கணக்கில், சிலபோது ஆண்டுக் கணக்கில், அது பொறுத்திருக்க வேண்டும்.

ஒரு சுருட்டினுள் ஐவகை இலை உண்டு. செடியின் அடியில் விளைவது நன்றாக எரியும். நடுவில் விளைவது மணந் தரும். உச்சியில் வெயிலை முற்றாக ஏற்று விளைவது காரந் தரும். காரமான இலை மெதுவாக எரியுமாதலால் அதனை நடுவில் வைப்பர். இம்மூன்றையும் கைக்குள் மடித்து, கட்டு இலையாற் சுற்றி, அதன்மேல் நரம்பு நீக்கிய மெல்லிய மேலுறையைப் போர்த்தி, முனையிலே சிறு தொப்பி ஒட்டினாற் சுருட்டு நிறைவுறும். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளரச் சுற்றினால் விரைந்தெரிந்து வாயைச் சுடும். எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை விரல்களே அறியும். முதன்மையான கருவி 'சவேத்தா' எனப்படும் பிறைவடிவான கத்தி. தேர்ந்த தொழிலாளி ஒரு நாளில் ஏறத்தாழ நூறு சுருட்டுச் செய்வார். சுருட்டின் அளவும் வடிவும் மாறினால் அத்தொகையும் மாறும்.

இத்தொழிலின் இயல்பை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கைகள் ஓயாது வேலை செய்கின்றன. கண்கள் கைகளைக் காவல் செய்கின்றன. செவியோ வேலையின்றி இருக்கிறது. இயந்திர ஓசை இல்லை, சம்மட்டியின் அடியில்லை. நூற்றுக்கணக்கானோர் பள்ளிப் பிள்ளைகளைப் போன்று வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். கூலியோ செய்த சுருட்டின் எண்ணிக்கைக்கு உரியது. எனவே கேட்டுக்கொண்டிருப்பதால் முதலாளிக்கு நட்டமில்லை. கரும்பாலையின் இரைச்சலிலே இத்தகைய அமைதிக்கு இடமேது? சும்மா கிடக்கும் செவிக்கு யாதேனும் உணவு கொடுத்தாலென்ன என்ற எண்ணம் எழுந்தது இத்தகைய கூடத்திலேயாம்.

1865இல் அவ்வெண்ணம் செயலாயிற்று. ஹவானா நகரிலே சத்துர்னினோ மார்த்தினேஸ் என்றொருவர் இருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த அவர் சுருட்டுத் தொழிலாளி, கவிஞர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே 'லா அவுரோரா', அதாவது 'வைகறை', என்னும் வார இதழைத் தொழிலாளருக்காகத் தொடங்கினார். இதழ் வந்தது, ஆயினும் அதனை வாசிக்கத்தக்கோர் எத்தனை பேர்? தொழிலாளரிற் பெரும்பாலானோர் எழுத்தறியாதவர். வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஏனையோருக்கு வாசித்தால் என்ன? அவ்வாண்டு டிசம்பரிலே 'எல் பிகாரோ' என்னும் சுருட்டுச் சாலையில் தொழிலாளருள் ஒருவரே வாசிப்பாளராக அமர்ந்தார். வாசிக்கும் வேளையில் அவர் சுற்றாது விடும் சுருட்டுக்குரிய கூலியை மற்றையோர் தமது கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே, 1845 முதல் புகழ் பெற்றிருந்த பர்தகாஸ் சுருட்டுச் சாலையும் இவ்வழக்கத்தை மேற்கொண்டது. பிற சாலைகள் தொடர்ந்தன.

ஏழைத் தொழிலாளி தன் ஊதியத்தில் ஒரு பங்கைக் கொடுத்து இலக்கியத்தை வாங்குகிறான். சோற்றுக்கும் துணிக்கும் போதாத கூலியிலே கதைக்கும் கருத்துக்கும் ஒரு பங்கு வைக்கிறான். நமது காலத்துச் செல்வர் எத்தனை பேர் தமது வருவாயில் அவ்வீதம் நூலுக்கு ஒதுக்குகின்றனர்?

வாசிப்பின் வலிமையை முதலில் உணர்ந்துகொண்டவர் ஆட்சியாளரே. தொடங்கி ஆறு திங்கள் நிறைவதற்கு முன்னர், 1866 மே மாதத்திலே, ஸ்பானிய ஆட்சி தடை விதித்தது. நூல்களையும் பத்திரிகைகளையும் வாசிப்பதாலும், தொழிலுக்குப் புறம்பான விவாதங்களாலும் தொழிலாளரின் கவனம் சிதறுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கவனம் சிதறியது என்பது பொய். அது வேறொரு பொருளின்மேற் குவியத் தொடங்கியது என்பதே மெய். தடை வந்தும் வழக்கம் அழியவில்லை. 1880களிலே ஹவானாவில் மீண்டும் வேரூன்றியது.

இதற்கிடையில் அது கடலையும் கடந்தது. 1868இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபாவில் பத்தாண்டுப் போர் மூண்டது. தொழிலாளரும் முதலாளிகளும் திரள் திரளாகப் புளோரிடாவின் தென்கோடித் தீவாகிய கீ வெஸ்டில் அடைக்கலம் புகுந்தனர். விசென்தே மார்த்தினேஸ் யீபோர் என்னும் ஆலையதிபர் முதலில் அங்குச் சென்று, பின்னர் 1885இல் தம்பா நகரையடுத்து நிலம் வாங்கித் தம் பெயரால் ஒரு சுருட்டு நகரையே எழுப்பினார். புலம் பெயர்ந்தோர் இலையையும் கத்தியையும் கொண்டுசென்றனர். வாசிப்பாளரையும் உடன்கொண்டு சென்றனர்.

அங்குள்ள கூடங்களின் நடுவே உயர்ந்த மேடையொன்று இருக்கும். அதன்மேல் ஒரு நாற்காலி. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே நூற்றுக்கணக்கானோருக்குக் கேட்கும் குரல் வேண்டும். பாத்திரத்துக்கேற்பக் குரலை மாற்றும் திறன் வேண்டும். எனவே பதவிக்கு வருவோர் முதலில் தொழிலாளர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். தெரிவு செய்வோர் தொழிலாளரே. ஒவ்வொருவரும் வாரந்தோறும் கொடுக்கும் சில சதங்களே அவருடைய சம்பளம். காலையிலே செய்தித்தாள், பின்னர் நாவல். எந்த நாவல் என்பதும் வாக்கெடுப்பினாலே முடிவு செய்யப்படும். சேர்வாந்தேசின் 'தொன் கிஹோத்தே', விக்தர் ஹியூகோ, எமிலி சோலா, தூமா ஆகியோரின் நாவல்கள் என்பன அவர்கள் விரும்பித் தெரிந்த நூல்கள். ஒரு பகுதி மனத்தைக் கவர்ந்துவிட்டால் அனைவரும் கத்தியைத் திருப்பிப் பலகையிலே தட்டுவர். அது அவர்களுடைய கரகோஷம். வாசிப்புப் பிடிக்கவில்லையாயின் கத்திகள் தரையில் விழும். எந்தத் திறனாய்வாளருக்கு இத்துணை விரைவாகத் தீர்ப்புக் கூற முடியும்?

இக்கூடங்களிலிருந்து ஒரு விடுதலை இயக்கமே எழுந்தது. கியூபாவின் கவிஞரும் விடுதலை வீரருமாகிய ஹொசே மார்த்தி 1891 நவம்பரில் தம்பாவுக்கு வந்து சுருட்டுத் தொழிலாளர் முன்னிலையிற் பேசினார். அடுத்த ஆண்டு அவர் கண்ட கியூபாப் புரட்சிக் கட்சிக்குத் தம் கூலியில் ஒரு பங்கை முறையாக ஈந்தவர் அத்தொழிலாளரே. 1895இல் எழுச்சிக்கு விடுத்த கட்டளை ஒரு சுருட்டினுள்ளே மறைத்து அனுப்பப்பட்டதென்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. அதே ஆண்டு மே மாதத்திலே மார்த்தி போர்க்களத்தில் வீழ்ந்தார். கவிஞர் ஒருவரின் சொல்லை முதலில் நம்பியவர் பல்கலைக்கழகத்தினர் அல்லர். ஆண்டுக் கணக்கிற் செவியாற் பயின்ற கைத்தொழிலாளரே என்பது எண்ணற்பாலது.

பிற இடங்களிலும் இதன் சாயலைக் காணலாம். இலண்டனிற் பிறந்து நியூயோர்க்கிலே சுருட்டுச் சுற்றிய சாமுவேல் கொம்பர்ஸ், 1886இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவரானவர். தம் இளமையில் சுருட்டுச் சாலையில் ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்டதையும், வாசித்தவருக்குரிய சுருட்டுகளை மற்றையோர் சுற்றிக் கொடுத்ததையும் அவர் 1925இல் வெளிவந்த தம் வரலாற்றிலே எழுதியுள்ளார். புவேர்த்தோ ரிக்கோத் தீவிலே லூயிசா கப்பெத்தியோ என்னும் பெண்மணி சுருட்டுச் சாலையில் வாசிப்பாளராக இருந்து, பெண்ணுரிமை பற்றி நூல் எழுதும் எழுத்தாளராகவும் தொழிற்சங்கத் தலைவியாகவும் உயர்ந்தார். கேட்போரை மட்டுமன்றி வாசிப்போரையும் அம்மேடை உருவாக்கிற்று.

இத்தகைய வழக்கம் எவ்வாறு மறைந்தது? 1920களிலே அமெரிக்காவிற் சுருட்டுச் செய்யும் இயந்திரம் பரவியது. இயந்திரத்தின் இரைச்சலுக்கும் மனிதக் குரலுக்கும் ஓரிடத்திற் பொருத்தமில்லை. தம்பாவிலோ முதலாளிகளே அதனை முடித்து வைத்தனர். வாசிப்பாளர் தீவிரக் கருத்துகளைப் பரப்புகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, 1931 நவம்பரிலே மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆலைகள் மூடப்பட்டுப் பின் திறந்தபோது வாசிப்பாளர் இல்லை. அவரிடத்தில் வானொலிப் பெட்டி இருந்தது. வானொலிக்கு வாக்கெடுப்பு இல்லை. கத்தியைத் தட்டினாலும் அது கேளாது. தொழிலாளர் தாமே தெரிந்த குரல் போய், அவர்களுக்காகப் பிறர் தெரிந்த குரல் வந்தது. அந்த உலகின் இறுதி நாட்களை, 1929இல் தம்பாச் சுருட்டுச் சாலையொன்றில் தோல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா' வாசிக்கப்படுவதாக அமைத்து, கியூபாவிற் பிறந்த நீலோ குரூஸ் நாடகமாக்கினார். 2003இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கியூபாவிலோ மேடை இன்றும் நிற்கிறது. 1960இல் சுருட்டுச் சாலைகள் அரசுடைமையாயின. 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை இன்றும் நீங்கவில்லை. தொழிலறிந்தார் பலர் தொமினிக்கன் குடியரசுக்கும் நிக்கராகுவாவுக்கும் ஹொண்டூராசுக்கும் சென்று அங்கும் புகழ்பெற்ற சுருட்டுகளை உருவாக்கினர். இத்தனை மாற்றத்துக்கிடையிலும் ஹவானாவின் வாசிப்பாளர் பதவி ஒழியவில்லை. 2012இல் அது அந்நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இன்று அங்கு காலையில் வாசிக்கப்படும் செய்தித்தாள் அரசுசார்ந்த செய்தித்தாளே. மேடை இருந்தால் மட்டும் போதாது; எதை வாசிப்பது என்பதைக் கேட்போர் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையும் வேண்டும். 1865இன் பெருமை மேடையில் மட்டுமன்று, அந்த உரிமையிலும் தங்கியிருந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். சுருட்டுப் பழக்கத்தை நாம் போற்றவில்லை. கையாற் சுற்றியதாயினும், பொன்னிறப் பட்டியணிந்ததாயினும், சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் புற்றுநோயைக் கொணர வல்லது. அதன் தூசியை நாள்தோறும் சுவாசித்தவர் அதைப் புகைத்த செல்வர் அல்லர், செய்த ஏழையரே. ஒரு சுருட்டின் விலை சிலபோது அதனைச் சுற்றியவரின் பலநாட் கூலியை விஞ்சும். கைவினையின் அழகையும், அக்கைவினைஞர் தமக்கெனக் கண்ட அறிவு வழியையும் போற்றுவோம். புகையை அதனை விரும்புவோருக்கே விட்டுவிடுவோம்.

இனி, இக்கதை நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. நமது சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, ஏனையோர் பலகையில் இலையை விரித்தபடியே செவிசாய்த்திருந்த காட்சியை முதியோர் பலர் நினைவுகூர்வர். செய்திக்குப் பின் வாதம் எழும். வாதத்துக்குப் பின் சிரிப்பு எழும். ஹவானாவை அறியாத நம்மவரும் அதே வழியைக் கண்டனர் என்றால், அத்தொழிலின் அமைதியும் மனித மனத்தின் பசியும் எங்கும் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? செவியாற் கல்வி பெறுதல் நமக்குப் புதியதுமன்று. வள்ளுவர் கல்விக்கேயன்றிக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் நமது ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது.

அவ்வாறாயின் நமது இலக்கிய வட்டங்களிலே அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றை என்னென்பது? "உயர்ந்த இலக்கியம் சாமானியருக்கு விளங்காது, அவருக்கு எளிய பொழுதுபோக்கே போதும்" என்கின்றனர் ஒரு சாரார். எழுத்தறியாத தொழிலாளர் சேர்வாந்தேசையும் ஹியூகோவையும் தம் பணங்கொடுத்துக் கேட்டனர், வாக்களித்துத் தெரிந்தனர், பிடித்ததைத் தட்டிப் பாராட்டினர். அவர்களுக்கு விளங்காமற் போனது எது? மக்களுக்கு இலக்கியம் விளங்கவில்லை என்போர், தாம் அதனை அவர்கள் முன்னிலையில் ஒரு நாளேனும் வாசித்துப் பார்த்ததுண்டா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும்.

இன்று எழுத்தறியாமை நம்மிடையே பெரிதும் நீங்கிவிட்டது. ஒவ்வொருவர் செவியிலும் ஒவ்வொரு தனிக் குரல் ஒலிக்கும் கருவியும் வந்துவிட்டது. ஆயினும் ஒரே நூலை ஒரே வேளையிற் பலர் கூடிக் கேட்டு, உடனே அதைப் பற்றி வாதிடும் பழக்கம் அருகிவிட்டது. வகுப்பறையிலோ பாடநூலின் வினாவுக்குரிய விடைப்பகுதிக்கு அப்பால் ஒரு பக்கம் வாசிக்க நேரமில்லை.

ஆசிரியர்களுக்கும் இலக்கிய வட்டத்தினருக்கும் நாம் முன்வைப்பது சிறியதொரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை, பரீட்சைக்கு உரியதல்லாத நல்ல நாவலொன்றின் ஓர் அத்தியாயத்தை மாணவருக்கு உரக்க வாசியுங்கள். எந்த நாவல் என்பதை மாணவரே வாக்களித்துத் தெரியட்டும். நமது கிராமங்களின் சனசமூக நிலையங்களிலே வாசிகசாலைகள் உண்டு. அங்கு வந்து தாமே வாசிப்போரை மட்டும் எதிர்பார்த்திராது, மாலையில் அரைமணி நேரம் ஒரு குரல் வாசிக்கட்டும். கைவேலையுடன் வருவோர் கைவேலையுடனேயே கேட்கட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு நூலும் ஒரு நல்ல குரலும் போதும்.

பிடிக்கவில்லையாயின் கத்தியைத் தரையில் எறியும் உரிமை கேட்போருக்கு இருக்கட்டும். எழுதுவோருக்கும் அது நன்மையே பயக்கும்.